மாஸ்க் வெட்டிய படம் ஓடும் ஷாட்டில் ஒட்டாமல் வழுக்குகிறது: மாஸ்க்கை அசைப்பதா, படத்தை அசைப்பதா?

நீள்வட்டம்:

வணக்கம் நண்பர்களே. ஒரு குறும்படத்துக்கு எடிட்டிங் செய்துகொண்டிருக்கிறேன், அதில் ஒரே ஒரு ஷாட் பாடாய்ப் படுத்துகிறது. சுவரில் மாட்டிய மரச்சட்டம், அதற்குள் வெள்ளை அட்டை, அட்டையில் நீள்வட்டமாக வெட்டிய துளை, துளைக்குள் ஒருவரின் போட்டோ, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி. அந்தப் போட்டோவுக்குப் பதிலாகக் கதையில் வரும் பெரியவரின் இளமைக்காலப் படத்தை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாக நகர்ந்தபடியே சட்டத்தை நெருங்குகிறது, அதனால் சட்டம் முதலில் சாய்கோணத்தில் தெரிந்து கடைசியில் நேராக வருகிறது. 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃப்ரேம், மொத்தம் 180 ஃப்ரேம். பாதியில் ஒரு பெண்ணின் கை உள்ளே வந்து கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு வெளியே போகிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற காட்சி ஒட்டுவேலை மென்பொருளில்தான் செய்கிறேன். பெரியவரின் படம் 4000க்கு 3000 அளவுள்ள ஸ்கேன். அதை நேராக காம்ப்பில் (லேயர்களை அடுக்கும் காட்சித் தாள்) போட்டு, முதல் ஃப்ரேமில் பார்த்துப் பார்த்துப் பென் டூலால் நீள்வட்ட மாஸ்க் (படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் வெட்டு) வரைந்தேன். அப்புறம் சட்டத்தின் ஒரு மூலையை ட்ராக் செய்து (அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எங்கே நகர்கிறது என்று மென்பொருளைப் பின்தொடர வைத்து), அந்த அசைவைப் படத்தின் பொசிஷனுக்குக் கொடுத்தேன். முதல் ஒரு நொடி சரியாகத்தான் இருந்தது, அதற்கப்புறம் படம் துளையிலிருந்து மெல்ல வழுக்கத் தொடங்குகிறது. கேமரா நெருங்கும்போது சட்டம் பெரிதாகிறது, படம் அதே அளவில் நிற்கிறது. அதைச் சரிக்கட்ட மாஸ்க் பாத்துக்கும் (மாஸ்க்கின் வடிவக் கோடு) கீஃப்ரேம் (இந்த ஃப்ரேமில் இந்த நிலை என்ற குறி) போட்டேன், ஸ்கேலுக்கும் போட்டேன். இப்போது மாஸ்க் ஒரு பக்கம் அசைகிறது, படம் இன்னொரு பக்கம் அசைகிறது, முகம் துளைக்குள் மிதக்கிற மாதிரி இருக்கிறது.

கார்னர் பின் (படத்தின் நான்கு மூலைகளையும் இழுத்துப் பொருத்தும் எஃபெக்ட்) போட்டால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு நான்கு மூலைகளையும் ட்ராக் செய்து போட்டேன். நீள்வட்டம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிச் சட்டத்துக்குள் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கை குறுக்கே வரும் இடத்தில் ட்ராக்கர் கையோடு கிளம்பிப் போய்விடுகிறது.

என் கேள்வி இதுதான்: இந்த மாதிரி ஷாட்டில் அசைவை மாஸ்க்குக்குக் கொடுப்பதா, படத்துக்குக் கொடுப்பதா, இரண்டுக்குமா? ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் நகர்த்துவதைத் தவிர வேறு வழி உண்டா?


இரவுரெண்டர்:

இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். படமும் மாஸ்க்கும் சேர்ந்த ஒரு பொட்டலத்துக்குக் கொடுங்கள்.

உங்கள் ஷாட்டில் இரண்டு வகை மறைப்பு வேலை இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் கலந்துவிட்டதுதான் சிக்கல். படத்தை நீள்வட்டமாக வெட்டுவது ஒன்று. அது படத்தின் சொத்து. கத்தரிக்கோலால் வெட்டிய போட்டோ மாதிரி அது படத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும், அதில் ஒரு கீஃப்ரேம்கூட இருக்கக் கூடாது. கை குறுக்கே வரும்போது படத்தை மறைப்பது இரண்டாவது. அது ஷாட்டின் சொத்து, அதற்குப் பெரியவரின் படத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. முதலாவதைப் ப்ரீகாம்ப்புக்குள் (இன்னொரு காம்ப்புக்குள் ஒரே லேயராக வைக்கும் காம்ப்) பூட்டிவிடுங்கள், இரண்டாவதை மேலே தனி லேயராக வையுங்கள். நடுவில் ட்ராக்கிங் மட்டும் நிற்கும். இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கார்னர் பின் ஏன் நீள்வட்டத்தைச் சுருக்கியது என்பதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரு லேயரை வரையும்போது முதலில் மாஸ்க், அப்புறம் எஃபெக்ட், அதற்கப்புறம் பொசிஷன், ஸ்கேல் போன்ற ட்ரான்ஸ்ஃபார்ம் என்ற வரிசையில் போகும். கார்னர் பின் ஒரு எஃபெக்ட். அதற்கு உங்கள் மாஸ்க்கின் விளிம்பு எங்கே என்று தெரியாது, அது பிடித்து இழுப்பது லேயரின் நான்கு மூலைகளை. உங்கள் லேயர் 4000க்கு 3000, நீங்கள் வெட்டிய நீள்வட்டம் அதற்குள் எங்கோ நடுவில். ஆக மொத்தப் படமும், மாஸ்க் மறைத்த வெற்றிடத்தோடு சேர்த்து, சட்டத்துக்குள் அமுக்கப்பட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். வெள்ளை அட்டையின் அகல உயர விகிதத்தில் ஒரு காம்ப் உருவாக்குங்கள், 1200க்கு 1500 என்று வைத்துக்கொள்வோம். ஷாட்டின் கடைசி ஃப்ரேமில் சட்டம் நேராக இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா, அதை ஒரு ஸ்டில்லாக எடுத்து உள்ளே மங்கலாக வைத்து, அட்டையின் நான்கு மூலைகளும் காம்ப்பின் நான்கு மூலைகளில் வந்து உட்காரும்படி பொருத்துங்கள். அதற்கு மேல் பெரியவரின் படத்தை வைத்து, அட்டையில் தெரியும் துளையின் மேலேயே நீள்வட்டத்தை வரையுங்கள். கண்ணளவில் ஊகிக்க வேண்டியதில்லை, துளை எங்கே, எவ்வளவு பெரிது என்று அந்த ஸ்டில்லே காட்டிக்கொடுக்கும். வரைந்து முடித்ததும் ஸ்டில்லின் கண்ணை அணைத்துவிடுங்கள்.

அடுத்து 1920க்கு 1080 அளவில் இன்னொரு காம்ப். முதல் காம்ப்பை அதற்குள் போட்டு கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் அது காம்ப் முழுக்க இழுத்து நிரம்பும். முகம் அகலமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், கார்னர் பின் அதை மறுபடி அட்டையின் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடும். இந்தச் சுற்றுவழி எதற்கென்றால், மோக்கா என்ற ட்ராக்கிங் கருவியிலிருந்து வரும் கார்னர் பின் எண்கள் ஷாட்டின் அளவை வைத்து எழுதப்படுபவை. லேயரும் அதே அளவில் இருந்தால் இடம் தள்ளிப்போகிற தொல்லை வராது.

ட்ராக்கிங்கைப் பொறுத்தவரை, ஒற்றைப் புள்ளி ட்ராக் பொசிஷனை மட்டுமே தரும். இரண்டு புள்ளி என்றால் சுழற்சியும் அளவும் சேரும். சாய்கோணத்திலிருந்து நேராக வரும் ஷாட்டுக்கு அதுவும் போதாது, பெர்ஸ்பெக்டிவ் மாறுகிறது. நான்கு மூலைகளைத் தனித்தனியாக ட்ராக் செய்வதைவிட மோக்காவின் பிளேனர் ட்ராக்கிங் இங்கே பல மடங்கு மேல். அது புள்ளியைத் தேடுவதில்லை, நீங்கள் வளைத்துக் காட்டும் பரப்பு முழுவதிலும் உள்ள நுணுக்கத்தைப் பார்த்து அந்தப் பரப்பு எப்படித் திரும்புகிறது என்று கணக்கிடுகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு மோக்கா கூடவே வருகிறது, எஃபெக்ட் மெனுவில் பாருங்கள்.

எதை வளைப்பது என்பதில் கவனம் வேண்டும். பலர் மரச்சட்டத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி வரைவார்கள், நல்ல அழுத்தமான கோடு என்பதால். ஆனால் மரச்சட்டம் அட்டையைவிட முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது முன்னால் இருப்பது அதிகமாகவும் பின்னால் இருப்பது குறைவாகவும் நகரும், அந்தச் சின்ன வித்தியாசமே படத்தைத் துளைக்குள் வழுக்க வைக்கப் போதும். உங்கள் முதல் முயற்சியில் அளவு மாறாததோடு இதுவும் சேர்ந்திருக்கும். அதனால் அட்டையின் உள்பக்கத்தை மட்டும் வளையுங்கள். வெற்று வெள்ளை அட்டையில் ட்ராக்கருக்குப் பிடிமானம் கிடையாதுதான், ஆனால் நடுவில் பழைய போட்டோ இருக்கிறதே! நீங்கள் அழிக்கப்போகும் அந்த முகம்தான் இந்த ஷாட்டில் ட்ராக் செய்ய ஆகச் சிறந்த பொருள், உங்கள் படம் வரவேண்டிய அதே தளத்தில் இருக்கிறது. ஷியர், பெர்ஸ்பெக்டிவ் இரண்டையும் டிக் செய்துகொண்டு, படம் பெரிதாகத் தெரியும் கடைசி ஃப்ரேமிலிருந்து பின்னோக்கி ட்ராக் செய்யுங்கள். சிறிய பிம்பத்திலிருந்து பெரிதுக்குப் போவதைவிடப் பெரிதிலிருந்து சிறிதுக்கு வருவது நிலையாக நிற்கும்.

கை வரும் ஃப்ரேம்களில் கையைச் சுற்றி தாராளமாக இன்னொரு வடிவம் வரைந்து, லேயர் பட்டியலில் அதை மேலே வையுங்கள். மேலே இருக்கும் வடிவம் மூடிய இடத்தைக் கீழே இருக்கும் ட்ராக் கண்டுகொள்ளாது. துல்லியம் வேண்டாம், கையும் துணியும் அதன் நிழலும் உள்ளே அடங்கினால் சரி. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் ஏதாவது பிரதிபலித்தால் அதற்கும் அதே மாதிரி ஒரு மூடி. பிரதிபலிப்பு கண்ணாடிப் பரப்பில் ஒட்டியிருப்பதில்லை, கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தூரம் தள்ளி ஒரு ஜன்னல் இருப்பது போலத்தான் அது நகரும், ட்ராக்கரைத் தன்னோடு இழுத்துப் போய்விடும்.

முடிந்ததும் மோக்கா காட்டும் சர்ஃபேஸ் என்ற நாற்கரத்தின் நான்கு மூலைகளை அட்டையின் மூலைகளில் வைத்து, கிரிட் போட்டு ஓட்டிப் பாருங்கள். கட்டங்கள் அட்டையில் அச்சடித்த மாதிரி நின்றால் ட்ராக் தேறியது. எங்காவது தள்ளினால் அட்ஜஸ்ட் ட்ராக்கில் போய் மூலையைத் திருத்துங்கள், ஏற்றுமதி செய்த பிறகு கீஃப்ரேமில் கைவைக்க வேண்டாம்.


பொறிவெளிச்சம்:

மேலே சொன்னதோடு ஒன்று. அந்த ஸ்கேனை வேறு மென்பொருளில் வெட்டி பிஎன்ஜியாகக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், காம்ப்பில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடோ வெள்ளைக் கோடோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் ஆல்ஃபா (எந்த இடம் ஒளிபுகும் என்ற தகவல்) ப்ரீமல்டிப்ளைடு (விளிம்பில் பின்னணி நிறம் கலந்தது) என்று விழுந்திருக்கும், ஸ்ட்ரெய்ட் (கலக்காதது) என்று மாற்றுங்கள். பிஎன்ஜி ஸ்ட்ரெய்ட் ஆல்ஃபாதான். இதைத் தெரியாமல் ஃபெதரை (விளிம்பின் மென்மை) கூட்டிக் கூட்டி விளிம்பைக் கொழகொழவென்று ஆக்கிவிடுபவர்கள் நிறைய.


நீள்வட்டம்:

இரவுரெண்டர் அண்ணா, மிக்க நன்றி. பழைய போட்டோவையே ட்ராக் செய்யச் சொன்னீர்களே, அது வேலை செய்தது. கிரிட் அப்படியே அச்சாக நிற்கிறது. ப்ரீகாம்ப்பில் நீள்வட்டம் துளையில் பொருந்திவிட்டது, முகம் மிதப்பதும் நின்றுவிட்டது.

இப்போது மிச்சம் இருப்பவை. கேமரா கடைசியில் நகர்ந்து நிற்கிறது அல்லவா, அந்த இடத்தில் சட்டம் நின்ற பிறகு படம் மட்டும் ஒரு ஃப்ரேம் நகர்ந்துவிட்டு நிற்கிறது. மோக்காவுக்குள் பார்த்தால் இந்தக் குறை இல்லை, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில்தான் தெரிகிறது. இந்த ஷாட் மட்டும் போனில் எடுத்தது என்று இப்போதுதான் இயக்குநர் சொன்னார்.

கையை ரோட்டோ செய்ய (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வரைந்து வெட்டியெடுக்க) தொடங்கினேன், விரல் விளிம்பு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடிக்கிறது. அப்புறம், இது எல்லாவற்றையும்விட, படம் ஒட்டிவிட்டாலும் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. வழுக்கவில்லை, ஆனாலும் அது அந்த அறையில் இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.


முனைப்புள்ளி:

ஒரு ஃப்ரேம் தாமதம் பற்றி மட்டும் சொல்கிறேன். மோக்காவில் சரி, காம்ப்பில் தவறு என்றால் ட்ராக்கைத் தொடாதீர்கள், அது நேரக் கணக்குப் பிரச்சினை. படம் பக்கவாட்டில் அங்குமிங்கும் அலைந்தால் ட்ராக்கிங் கோளாறு. வழி முழுக்கச் சரியாகப் போய், கேமரா வேகம் மாறும் இடத்தில் மட்டும் முந்தினாலோ பிந்தினாலோ ஃப்ரேம் கோளாறு. இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் வீணாக மறுபடி ட்ராக் செய்யும் வேலை எவ்வளவோ மிச்சமாகும்.

போன் கேமராக்கள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்யும். 25 என்று எழுதியிருந்தாலும் வெளிச்சம் குறைந்த நொடியில் 24 வரும், இன்னொரு நொடியில் 25க்கு மேல் வரும். ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் போக்கில் சமன் செய்து படிக்கும், அதனால் இங்கே 140ஆவது ஃப்ரேம் என்பது அங்கே 141 ஆகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஷாட்டைப் போட்டு, ஃப்ரேம் ரேட் 25, கான்ஸ்டன்ட் என்று தேர்ந்தெடுத்து, தரத்தை உயர்வாக வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் புது ஃபைலை வைத்துத் திரும்ப ட்ராக் செய்யுங்கள், பழைய ட்ராக்கை அதன்மேல் ஒட்டவேண்டாம். இரவுரெண்டர் சொன்ன வடிவங்கள் எல்லாம் தயாராக இருப்பதால் இரண்டாம் முறை சீக்கிரம் முடிந்துவிடும்.

இனிமேல் எந்த ஷாட் கைக்கு வந்தாலும் ட்ராக்கிங்குக்கு முன்னால் அதன் ஃப்ரேம் வேகம் நிலையானதா என்று, ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஷாட்டின் வேகத்தை எடிட்டில் கூட்டிக் குறைத்திருந்தாலும் இதே கதைதான், ட்ராக் செய்வது எப்போதும் வேகம் மாற்றாத மூல ஷாட்டில், வேக மாற்றம் கடைசியில் மொத்தத்துக்கும்.


கீஃப்ரேம்காரி:

ரோட்டோவையும் அந்த “அறையில் இல்லை” என்ற உணர்வையும் நான் எடுத்துக்கொள்கிறேன், இரண்டும் எனக்குப் பிடித்த இடம்.

விரல் துடிப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், முழுக் கையையும் ஒரே மாஸ்க்கால் சுற்றி வளைத்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீஃப்ரேம் போடுவது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் உங்கள் கை ஒரு பிக்சல் அப்படி இப்படிப் போகும், ஓட்டிப் பார்க்கும்போது அது துடிப்பாகத் தெரியும். கையை உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள். முன்கைக்கு ஒரு வடிவம், உள்ளங்கைக்கு ஒன்று, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று, துணிக்குத் தனியாக ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கட்டும். வளையாத உறுப்பு ஒவ்வொன்றும் ஒரே வடிவமாக இருப்பதால் அதை மொத்தமாக நகர்த்திச் சுழற்றினாலே பெரும்பாலான இடத்தில் போதும், புள்ளிகளைத் தனித்தனியாக இழுக்கும் வேலை குறையும். கீஃப்ரேமை அசைவு திசை மாறும் இடங்களில் முதலில் போடுங்கள். துடைக்கும் கை வலது கோடிக்குப் போய்த் திரும்புகிறது பாருங்கள், அந்தத் திருப்பம்தான் முதல் கீஃப்ரேம். இடது கோடித் திருப்பம் அடுத்தது. அப்புறம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று, தேவைப்பட்டால் அதற்கும் நடுவில் ஒன்று. இப்படிப் பாதி பாதியாக இறங்கி வந்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும்.

இந்த மாஸ்க்குகளைப் பெரியவரின் படத்தில் போட்டுவிடாதீர்கள். ஷாட்டை டூப்ளிகேட் செய்து மேலே வைத்து, அதில் கையை வெட்டி எடுங்கள். கை வேகமாகப் போகும் ஃப்ரேம்களில் விரல் விளிம்பு தெளிவாக இருக்காது, பாதி விரல் பாதி பின்னணி என்று கலங்கியிருக்கும். விளிம்பை அந்தக் கலங்கலின் நடுவில் வரைந்து, மாஸ்க்குக்கு மோஷன் ப்ளரை இயக்கிவிடுங்கள்.

இப்போது அறை விஷயம். நான் முதலில் பார்ப்பது கறுப்பை. ஸ்கேன் செய்த படத்தின் தலைமுடியும் கோட்டும் அடர் கறுப்பாக இருக்கும், ஆனால் அந்த அறையில் கேமராவுக்குத் தெரியும் ஆழ்ந்த கறுப்பே சாம்பல் கலந்ததாகத்தான் இருக்கும், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள் இன்னும் வெளிறித் தெரியும். ஆல்ட் 1, ஆல்ட் 2, ஆல்ட் 3 என்று அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் தெரியும். ஒவ்வொரு சேனலிலும் பழைய போட்டோவின் ஆழ்ந்த நிழலையும் உங்கள் படத்தின் ஆழ்ந்த நிழலையும் அருகருகே பார்த்து, லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை அளவை மாற்றும் எஃபெக்ட்) அவுட்புட் பிளாக்கை ஏற்றி ஒன்றாக்குங்கள். வெள்ளைக்கும் அதே மாதிரி, சட்டைக் காலரை அட்டையின் வெள்ளையோடு ஒப்பிடுங்கள், அட்டையைவிடக் காலர் பளிச்சென்று இருந்தால் யார் கண்ணுக்கும் உறுத்தும். மூன்று சேனல்களும் தனித்தனியாகப் பொருந்திவிட்டால் நிறத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தானாக வந்து நிற்கும். இந்த லெவல்ஸ் ப்ரீகாம்ப்புக்குள் இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் கிரெய்ன் உள்ளே இருக்கவே கூடாது. இரவுரெண்டர் சொன்ன யார் சொத்து என்ற கேள்வியை இங்கேயும் கேளுங்கள். மணல் மாதிரி துள்ளும் அந்தப் புள்ளிகள் கேமரா சென்சாரின் சொத்து, போட்டோவின் சொத்து அல்ல. ப்ரீகாம்ப்புக்குள் போட்டால் கேமரா நெருங்கும்போது புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும், சாயும்போது அவையும் சாயும். கார்னர் பின்னுக்குக் கீழே, கடைசி எஃபெக்டாக மேட்ச் கிரெய்ன் போட்டு, ஷாட்டையே மாதிரியாகக் காட்டுங்கள். சரிபார்க்கும்போது நீலச் சேனலை 200 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள், புள்ளிகள் அதில்தான் அதிகம். ஸ்கேனில் பழைய காகிதத்தின் சொரசொரப்பு இருந்தால் அது வேறு, அது அசையாமல் படத்தோடு கிடக்க வேண்டும், அதை அழிக்க வேண்டாம்.

மோஷன் ப்ளரும் கேமராவின் சொத்துதான். லேயரில் மோஷன் ப்ளர் பொத்தானை அழுத்தினால் சாதாரண கார்னர் பின்னுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அசைவு எஃபெக்டுக்குள் நடக்கிறது. மோக்காவிலிருந்து எடுக்கும்போது மோஷன் ப்ளரை ஆதரிக்கும் கார்னர் பின் என்று ஒரு வகை உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு ப்ளர் என்பதைக் காம்ப் அமைப்பில் இருக்கும் ஷட்டர் ஆங்கிள் முடிவு செய்யும்; ஒரு ஃப்ரேமின் நேரத்தில் ஷட்டர் எவ்வளவு பங்கு திறந்திருக்கிறது என்பது அது, 360 டிகிரி என்றால் முழு நேரமும். 25 ஃப்ரேமில் 180 டிகிரி என்றால் 50இல் ஒரு பங்கு நொடி. போன் அறைக்குள்ளேயே வெளிச்சம் தாராளமாக இருந்தால் 100இல் ஒரு பங்கில் எடுத்திருக்கும், அப்படியானால் 90 டிகிரிதான் பொருந்தும். கணக்கு தெரியாவிட்டால் கேமரா வேகமாக நகரும் ஒரு ஃப்ரேமில் நின்று, அட்டை மூலை எத்தனை பிக்சல் நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது என்று பார்த்து அதற்கு ஒப்பாக வையுங்கள்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைத் துளையின் உண்மையான விளிம்பை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையிலிருந்து போட்டோவின் கறுப்புக்கு மாற இரண்டு மூன்று பிக்சல் எடுத்துக்கொள்ளும். உங்கள் நீள்வட்டமும் அதே இரண்டு மூன்று பிக்சலில் மாற வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஃபெதர் ப்ரீகாம்ப்புக்குள் இருப்பதால் படம் சுருங்கும்போது அதுவும் சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம், உள்ளே 6 பிக்சல் என்றால் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும் இடத்தில் அது 2 பிக்சல். இன்னொன்று, அட்டைக்குத் தடிமன் உண்டு, போட்டோ அதன் பின்னால் இருக்கிறது. மேலிருந்து வெளிச்சம் வந்தால் துளையின் மேல் வளைவுக்குக் கீழே ஒரு மெல்லிய நிழல் போட்டோவின் மேல் விழுந்திருக்கும். பழைய போட்டோவில் அது இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். இருந்தால் அதே அகலத்தில், அதே பக்கத்தில் வரைந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன அந்த “அறையில் இல்லை” பெரும்பாலும் இந்த ஒரு நூல் நிழலில்தான் இருக்கும்.


முனைப்புள்ளி:

கடைசியாகச் சொன்ன நிழலை நானும் வழிமொழிகிறேன். ஒரு சேர்க்கை, கீஃப்ரேம்காரி சொன்னதில் ஷட்டரைப் பிக்சல் எண்ணிப் பார்க்கும்போது அட்டை மூலையைவிடச் சுவரில் ஒரு ஆணியோ புள்ளியோ கிடைத்தால் அதை எண்ணுவது எளிது, வட்டமான புள்ளி எவ்வளவு நீண்டது என்று சட்டென்று தெரியும்.


புளெண்டர்வாசி:

இந்தத் திரியைப் பின்னால் படிக்க வருபவர்களில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இல்லாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக. இதே வேலையைப் புளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முழுவதுமாகச் செய்யலாம். மூவி கிளிப் எடிட்டரில் ஷாட்டைத் திறந்து, அட்டையின் தளத்தில் குறைந்தது நான்கு மார்க்கர்கள் போடுங்கள். மோஷன் மாடலைப் பெர்ஸ்பெக்டிவ் என்று வையுங்கள், வெளிச்சம் ஏறி இறங்கும் ஷாட் என்றால் நார்மலைஸையும் டிக் செய்யுங்கள். கண்ட்ரோல் டி (ஆங்கில T) அழுத்தினால் முன்னோக்கி ட்ராக் ஆகும். நான்கையும் தேர்ந்தெடுத்து கிரியேட் பிளேன் ட்ராக் கொடுத்தால் ஒரு நாற்கரம் வரும், அதன் மூலைகளை அட்டையின் மூலைகளுக்கு இழுத்து வைக்கலாம், ட்ராக் கெடாது. காம்போசிட்டரில் பிளேன் ட்ராக் டிஃபார்ம் நோடில் படத்தைக் கொடுத்தால் அது வளைந்த படத்தையும் அதற்குரிய மாஸ்க்கையும் சேர்த்தே தந்துவிடும், மோஷன் ப்ளரும் அந்த நோடிலேயே இருக்கிறது. நீள்வட்டத்தை முன்கூட்டியே வெட்டி ஆல்ஃபாவோடு உள்ளே அனுப்புங்கள், கையை மாஸ்க் எடிட்டரில் வரைந்து மேலே போடுங்கள். பெயர்கள் வேறு, வரிசை அதேதான்: வெட்டு உள்ளே, அசைவு நடுவில், மறைப்பு மேலே.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஃப்யூஷன் பக்கத்தில் பிளேனர் ட்ராக்கர் நோட் இருக்கிறது. அதில் ட்ராக் செய்து முடித்துக் கார்னர் பின் முறைக்கு மாற்றிப் படத்தை அந்த நோடின் கார்னர் பின் இணைப்பில் கொடுத்தால் போதும்.


நீள்வட்டம்:

ஹேண்ட்பிரேக்கில் மாற்றி மறுபடி ட்ராக் செய்ததும் கடைசி ஃப்ரேம் நகர்வு போய்விட்டது. கையை உறுப்பு உறுப்பாக வெட்டியதில் துடிப்பும் இல்லை. கீஃப்ரேம்காரி அக்கா, அந்த நிழல்! பழைய போட்டோவில் மேல் வளைவுக்குக் கீழே அது இருக்கிறது, நீங்கள் சொல்லும்வரை என் கண்ணில் படவே இல்லை. வரைந்ததும் படம் அட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கறுப்பையும் ஏற்றியாகிவிட்டது.

ஒன்றே ஒன்று மிச்சம். கை துடைத்த பிறகு கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு சாய்ந்த கட்டமாக முகத்தின் மேல் ஊர்ந்து போகும். என் படம் அதற்கு மேலே உட்கார்வதால் அது அட்டை வரை வந்து நீள்வட்ட விளிம்பில் அறுந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.


இரவுரெண்டர்:

ஷாட்டை இன்னொரு முறை டூப்ளிகேட் செய்து, பெரியவரின் படத்துக்கு மேலே, கை லேயருக்குக் கீழே வையுங்கள். அதில் லெவல்ஸ் போட்டு இன்புட் பிளாக்கை ஏற்றிக்கொண்டே போங்கள், பழைய முகம் முழுக்கக் கறுப்பில் மூழ்கி ஜன்னல் கட்டம் மட்டும் நிற்கும் வரை. பிளெண்டிங் முறையை ஸ்கிரீன் என்று மாற்றுங்கள், கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் உங்கள் படத்தின் மேல் விழும். அதற்கு ட்ராக் மேட்டாக (எந்த இடத்தில் மட்டும் தெரிய வேண்டும் என்று சொல்லும் லேயர்) ப்ரீகாம்ப்பின் ஆல்ஃபாவைக் கொடுத்தால் நீள்வட்டத்துக்குள் மட்டும் நிற்கும், அட்டையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகாது.

பழைய போட்டோவில் வெள்ளைச் சட்டை மாதிரி ஏதாவது பளிச்சென்று இருந்தால் அது மட்டும் கறுப்பில் மூழ்காமல் தலைநீட்டும். அப்படியானால் ஜன்னல் கட்டத்தை மட்டும் சுற்றி மென்மையான விளிம்போடு ஒரு மாஸ்க் வரைந்து, கட்டம் ஊர்வதற்கேற்ப அதை நகர்த்துங்கள். கட்டம் சட்டையைக் கடக்கும் சில ஃப்ரேம்களில் ஒபாசிட்டியைக் கொஞ்சம் இறக்கினால் சட்டை தெரியாது. பிரதிபலிப்பின் வேகம் ஷாட்டிலிருந்தே வருவதால் நீங்கள் எதையும் ட்ராக் செய்ய வேண்டியதில்லை. இந்த லேயரில் ஷாட்டின் கிரெய்னும் கூடவே வரும் என்பதால் அந்த இடத்தில் புள்ளிகள் இரட்டிப்பாகத் தெரிகிறதா என்று நீலச் சேனலில் ஒருமுறை பார்த்துவிட்டு, தெரிந்தால் இந்த லேயருக்கு மட்டும் ஒரு பிக்சல் ப்ளர் கொடுங்கள்.


நீள்வட்டம்:

சட்டை வெள்ளைதான், தலைநீட்டியது. மாஸ்க் போட்டு ஒபாசிட்டியை இறக்கியதும் அடங்கிவிட்டது. ஜன்னல் கட்டம் இப்போது அட்டையிலிருந்து முகத்துக்கு அறுபடாமல் போகிறது. ஒரு பிக்சல் ப்ளரும் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டேன். இயக்குநருக்கு ரெண்டர் அனுப்பியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. இந்தத் திரியைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.